பரணில் கிடைத்த பழைய விளக்கு: எடைக்குப் போடுவதா, விற்பதா, வைத்துக்கொள்வதா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் பாகப் பிரிவினை நடந்தால் நிலமும் வீடும் பத்திரத்தில் ஏறிவிடும். பரண்மேல் கிடக்கும் பித்தளைச் சாமான்கள்தான் கடைசியில் வாய்ப்பேச்சாக மிஞ்சும். அதில் ஒரு விளக்கு இருந்துவிட்டால் ஆளுக்கொரு யோசனை வரும். “எடைக்குப் போட்டு ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கலாம்” என்பார் ஒருவர். “பெங்களூர்ல குடுத்தா லட்சத்துல போகும்” என்பார் இன்னொருவர். “பாலிஷ் போட்டு சாமி ரூம்ல வைங்க” என்பார் வீட்டுப் பெரியவர். மூன்றுமே ஏதோ ஒரு விளக்குக்குப் பொருந்தும். உங்கள் கையில் இருப்பதற்கு எது பொருந்தும் என்பது அதன் உலோகம், எழுத்து, உறுப்புகள் முழுசாக இருக்கின்றனவா என்பதைப் பொறுத்தது. அதைப் பார்த்து முடிக்கும்வரை யாரும் புளி போட்டுத் தேய்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேய்த்தபின் திரும்பி வராத அடையாளங்கள் பல உண்டு.

முதலில், அது என்ன விளக்கு

குத்துவிளக்கு என்றால் நான்கு உறுப்பு: அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அலங்காரமாக நிற்கும் பிரபை. தமிழ்நாட்டு விளக்குகளில் பிரபை பெரும்பாலும் அன்னமாக இருக்கும். கேரள நிலவிளக்கின் உச்சி பறவை இல்லாமல் மொட்டுப் போல முடியும். அன்னம் இருப்பதாலேயே, கும்பகோணம் அருகே விளக்கு வார்ப்புக்குப் பெயர்போன நாச்சியார்கோயிலின் விளக்கு என்று சொல்லிவிட முடியாது. அந்த ஊர் விளக்குக்கு 2010இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, எங்கோ வார்த்ததையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். அந்த ஊர் விளக்கு உலகெங்கும் போயிருக்கும்போது தருமபுரிக்கும் வந்திருக்கலாம். ஆனால் சேலம், பெங்களூர்ச் சந்தைகளில் வாங்கியதாகவும் இருக்கலாம். ஊர்ப் பெயரைச் சொல்லி விலை கேட்பதில் பயனில்லை.

காமாட்சி விளக்கு ஒற்றைத் திரி, பின்னால் கஜலட்சுமித் தகடு. இன்றும் ஏராளமாகச் செய்யப்படுவதால், பழையதென்றாலும் வெளியே பெரிய விலை கிடையாது. சில நூறு கிராம் எடைதான் இருக்கும். இதை விற்பதா என்ற கேள்வியே வேண்டாம், ஏற்றுங்கள்.

பாவை விளக்கு, அதாவது ஒரு பெண் இரு கையிலும் அகலை ஏந்தி நிற்பது, வேறு கதை. அது விளக்கு என்பதோடு சிற்பமும் ஆகும். விலையும் கூடும், சட்டமும் கூடவே வரும். அதைக் கீழே பார்க்கலாம்.

சங்கிலியில் தொங்கும் தூண்டாமணி விளக்கு வந்திருந்தால் கவனமாகப் பாருங்கள். இவற்றில் சிலவற்றில் மேலே மூடிய எண்ணெய்க் கலம் ஒன்று இருக்கும். தட்டில் எண்ணெய் குறைந்து கலத்தின் துளை வெளிப்பட்டதும் காற்று உள்ளே போய், அந்த அளவுக்கு மட்டும் எண்ணெய் கீழே இறங்கும். மட்டம் ஏறித் துளை மூடினால் நின்றுவிடும். கலத்தில் தண்ணீர் ஊற்றிச் சோதிக்கலாம். விட்டுவிட்டு இறங்கினால் கலம் முழுசு. ஒரேயடியாகக் கொட்டிவிட்டால் மேல்மூடியிலோ பற்றவைப்பிலோ விரிசல். வேலை செய்யும் கலத்துக்கும் செய்யாததற்கும் விலையில் பெரிய வித்தியாசம் உண்டு. சங்கிலியும் மூலச் சங்கிலியா என்று பாருங்கள். வளையங்கள் கையால் வளைத்துச் சேர்த்தவையாக, தேய்மானம் வளையம் வளையத்தைத் தொடும் இடத்தில் மட்டும் இருந்தால் நல்லது.

பித்தளையா, வெண்கலமா, முலாமா

காந்தம் ஒட்டினால் இரும்பின்மேல் பித்தளை முலாம். பேச்சு முடிந்தது. ஆனால் தண்டுக்குள் இரும்புக் கம்பி வைத்து உறுப்புகளைக் கோத்த விளக்குகளும் உண்டு. காந்தம் தண்டில் மட்டும் லேசாக இழுத்து, தட்டிலும் அடியிலும் இழுக்காவிட்டால் உள்ளே கம்பி என்று புரிந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது அடர்த்தி. எந்த மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசிலும் செய்யலாம். தட்டை மட்டும் கழற்றி எடை போடுங்கள். பிறகு தண்ணீர் உள்ள வாளியைத் தராசில் வைத்து, காட்டும் எடையை பூஜ்யமாக்கிவிட்டு, தட்டை நூலில் கட்டி அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்க முக்குங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் அதன் கன அளவு, சி.சி. கணக்கில். தட்டு 1,250 கிராம், முக்கியபோது 148 என்று காட்டினால் 1,250ஐ 148ஆல் வகுத்து 8.45. அது பித்தளை. 142 என்று காட்டினால் 8.8, வெண்கலமாக இருக்க வாய்ப்பு அதிகம். பித்தளை 8.4 முதல் 8.7 வரை போகும், வெண்கலம் 8.7 முதல் 8.9 வரை. இரண்டும் எல்லையில் உரசுவதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பி வெண்கலம் என்று அடித்துப் பேசக் கூடாது. போலியைப் பிடிக்கத்தான் இது நன்றாக உதவும்: 7ஐ ஒட்டி வந்தால் துத்தநாகக் கலவை வார்ப்பு, 9க்கு மேல் போனால் உள்ளே ஈயம் ஊற்றியிருக்கிறார்கள். காற்றுக் குமிழி ஒட்டியிருந்தால் கணக்கு குறைவாகக் காட்டும், முக்கியபின் ஒரு தட்டு தட்டி விடுங்கள். உள்ளே பொள்ளலாக மூடிய தண்டுக்கு இந்த முறை ஒத்துவராது.

நிறத்தில் பார்ப்பவர்களும் உண்டு. துத்தநாகம் அதிகமான பித்தளை எலுமிச்சை மஞ்சளாகவும், செம்பு அதிகமானது சற்றுச் சிவந்தும் இருக்கும். ஆனால் மேலே இளஞ்சிவப்புத் திட்டுகள் மட்டும் இருந்தால் அது பழமை இல்லை. புளியிலோ எலுமிச்சையிலோ அதிக நேரம் ஊறவைத்ததில் மேற்பரப்பில் செம்பு தெரிகிறது. அடிப்பாகத்தைப் புரட்டி, சுண்ணாம்போ அரக்கோ மண்ணோ அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். எடைக்கு எடுப்பவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

வயது

இங்கே அவசரப்படாமல் உட்கார வேண்டும். விளக்கில் எழுத்து இருந்தால் பாதி வேலை முடிந்தது. தட்டின் அடியிலோ அடிப்பாக விளிம்பிலோ உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய பெயர் இருக்கும். பிசுக்கு மூடியிருந்தால் தேய்க்காமல், இருட்டறையில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் போனில் படம் எடுத்தால் தெரியும்.

எழுத்தில் என்ன பார்ப்பது? தருமபுரி மாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்தது 1965 அக்டோபர் 2. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9. ஆகவே ‘சேலம் ஜில்லா, கிருஷ்ணகிரி தாலுக்கா’ என்று வெட்டியிருந்தால் 1965க்கு முந்தையதாக இருக்க நல்ல வாய்ப்பு. ணை, லை, னை போன்றவை பழைய தும்பிக்கை வடிவில் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்த கை என்று மட்டும் சொல்லலாம். அந்தக் கை 1990இலும் வெட்டியிருக்கலாம் அல்லவா. ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கத்து வீடுகளில் எழுத்து கன்னடத்திலோ தெலுங்கிலோ இருப்பது சாதாரணம். படிக்கத் தெரிந்தவரிடம் படத்தைக் காட்டுங்கள், அதை வைத்து விளக்கு வேறு ஊர்க் கோயிலுடையது என்று பயப்பட வேண்டாம்.

தமிழ் வருஷப் பெயர் மட்டும் இருந்தால் 60 ஆண்டுச் சுழற்சியை மறக்காதீர்கள். ‘தாது’ என்று இருந்தால் 1876, 1936, 1996 மூன்றுமே பொருந்தும். தாது வருஷப் பஞ்சத்துக் காலத்து விளக்கு என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பது 1936இல் வந்த கல்யாணச் சீராக இருந்துவிடும். பெயருக்குரியவர் எந்தத் தலைமுறை என்று குடும்பத்தில் கேட்டால் எந்தச் சுற்று என்று தெரிந்துவிடும். சீராக வந்திருந்தால் பெயர் பெண் வீட்டாருடையதாக இருக்கும். தந்தை வழியில் மட்டும் தேடினால் கிடைக்காது.

எழுத்து இல்லையென்றால் மரையையும் (உறுப்புகளைத் திருகிச் சேர்க்கும் புரி) தேய்மானத்தையும் பார்க்க வேண்டும். பழைய மரைகள் சீராக இருக்காது. அந்தத் தண்டு அந்த அடியில் மட்டும்தான் ஏறும், இன்னொன்றில் சிக்கும். எல்லா உறுப்பும் வழுக்கிக்கொண்டு ஏறி, அடியில் நெருக்கமான, ஒரே இடைவெளிக் கடைசல் வரிகள் இருந்தால் மோட்டார் லேத்தில் ஓடியது. தேய்மானம் கை படும் இடத்தில் இருக்க வேண்டும்: தண்டின் நடுக்கணு, அன்னத்தின் முதுகு, திரி வைக்கும் மூக்கின் விளிம்பு. மூக்குகள் ஐந்தில் ஒன்றோ இரண்டோ அதிகம் கருகி மற்றவை கூர்மையாக இருந்தால் உண்மையான வீட்டு விளக்கு. தினமும் ஐந்து முகமும் யார் ஏற்றுவார்கள்? பள்ளத்திலும் மேட்டிலும் ஒரே பழுப்பு நிறம் இருந்து, காது குடையும் பஞ்சில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் நிறம் ஒட்டிக்கொண்டு வருமானால் ரசாயனம் பூசிப் பழசாக்கியது.

அன்னம் மட்டும் வேறு மஞ்சளாக இருந்தால், பழையது தொலைந்து கடையில் வாங்கிப் பொருத்தியது. உறுப்பு மாறிய விளக்கு சேகரிப்பவரிடம் பாதி விலைக்கும் போகாது. அதற்காக மூல அன்னம் பரணில் வேறு மூலையில் கிடக்கிறதா என்று ஒருமுறை தேடிவிடுங்கள், பல வீடுகளில் கிடைக்கும்.

மரை இறுகிப்போயிருந்தால் பைப் ரிஞ்ச் போடாதீர்கள். பல்தடம் ஆழமாக விழும். மண்ணெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ மரையில் விட்டு 2 நாள் வையுங்கள், பிறகு வெளி உறுப்பை மட்டும் வெந்நீரில் 10 நிமிடம் வைத்து ரப்பர் ஷீட் சுற்றிக் கையால் திருப்புங்கள். நெருப்பில் காட்டவே கூடாது. பழைய பற்றவைப்பு ஈயமும் வெள்ளீயமும் கலந்தது, 183 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்.

லாந்தரும் கேஸ் லைட்டும்

தெருக்கூத்தும் சாமி ஊர்வலமும் நிறைந்த இந்தப் பக்கத்தில், வாடகைக்கு விட்ட கேஸ் லைட் பல வீட்டுப் பரணில் உண்டு. இவற்றின் உலோக எடைக்கு மதிப்பே இல்லை. முத்திரைக்குத்தான் விலை. ‘பெட்ரோமாக்ஸ்’ என்பது பெர்லினில் இருந்த எஹ்ரிஷ் அண்ட் கிரெட்ஸ் நிறுவனத்தின் வணிகப் பெயர். நம் ஊரில் எல்லா கேஸ் லைட்டையும் அப்படித்தான் சொல்வோம், ஆகவே தொட்டியில் அந்தப் பெயர் உண்மையிலேயே பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். லாந்தரில் அமெரிக்க டீட்ஸ், ஜெர்மன் ஃபாயர்ஹாண்ட், மகாராஷ்டிரத்து ஓகலே தொழிற்சாலையின் பிரபாத் ஆகியவை தேடப்படுபவை. ‘மேற்கு ஜெர்மனி’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. டீட்ஸ் முத்திரையோடு ஹாங்காங் என்று இருந்தால் 1956க்குப் பிந்தையது. மூலக் கண்ணாடி உடையாமல் இருந்தால் விலை ஏறும். கண்ணாடியிலும் முத்திரை இருக்கும்.

பழைய தொட்டியில் காற்றடித்து எரிகிறதா என்று சோதிக்க வேண்டாம். வாஷர் காய்ந்து, தொட்டி உள்ளே அரித்திருக்கும். பழைய மேண்டிலில் (சுடரில் ஒளிரும் வலைப் பை) கதிரியக்கம் உள்ள தோரியம் கலந்திருப்பதால் அதன் சாம்பலை ஊதித் தள்ளாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

எடைக்குப் போட்டால்

விளக்கு 6 கிலோ, பழைய பித்தளை கிலோ 500 ரூபாய், அதே பித்தளையில் புதிய விளக்கு கிலோ 1,000 ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். (நிலவரம் மாறிக்கொண்டே இருக்கும், போகும் அன்று இரண்டு கடையில் கேளுங்கள்.) எடைக்கடையில் அதிகபட்சம் 3,000. எண்ணெய்ப் பிசுக்கு, உள்ளே இருக்கும் கம்பி, அடைப்பு மண் என்று கழிவு போட்டு 2,500க்கு வரும். பாத்திரக்கடையில் ‘பழசுக்குப் புதுசு’ என்றால் பழசுக்கு நல்ல விலை போடுவார்கள், புதுசில் கூலியை ஏற்றிவிடுவார்கள். பழசின் விலை, புதுசின் கிலோ விலை, கூலி மூன்றையும் தனித்தனியாகத் தாளில் எழுதச் சொல்லிக் கூட்டிப் பாருங்கள்.

இந்த வழி யாருக்குச் சரி? உறுப்பு மாறியது, விரிசல் விட்டது, லேத்தில் ஓடிய 30, 40 வருஷத்துச் சாதா விளக்கு. அவற்றை எடைக்குப் போடுவதில் குற்றவுணர்ச்சி தேவையில்லை. பேரீச்சம்பழத்துக்குப் போடாமல் இருந்தால் போதும். கம்பியையும் அடைப்பையும் வீட்டிலேயே எடுத்துவிட்டு, முத்திரையிட்ட தராசு இருக்கும் கடைக்குக் கொண்டுபோங்கள்.

பழம்பொருளாக விற்றால்

மேலே சொன்ன அதே 6 கிலோ விளக்கு முழுசாக, எழுத்தோடு, பாலிஷ் படாமல் இருந்தால், புதிய விளக்கின் விலையான 6,000ஐத் தளமாக வைத்துப் பேசத் தொடங்கலாம். அதற்கு மேல் எவ்வளவு என்பதை அமைப்பும் ஜோடியும் முடிவுசெய்யும். ஒரே அளவில், ஒரே கையால் வார்த்த ஜோடி விளக்குக்கு, தனித்தனி விலையின் இரு மடங்கைவிட அதிகம் கேட்கலாம். பங்கு பிரிக்கும்போது ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டால் அந்தக் கூடுதல் போய்விடும்.

பெங்களூர் பக்கம் என்பதால் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் தமிழ்நாட்டு விளக்குகளின் பேரம் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் ஏமாற மாட்டீர்கள். கடைக்காரர் கேட்கும் விலைக்கும், அவர் உங்களுக்குக் கொடுக்கும் விலைக்கும் இடையே பெரிய இடைவெளி இருக்கும். அவர் வாடகையும் காத்திருப்பும் அதில் அடங்கும். இணையத்தில் ஒரே மாதிரி விளக்குக்கு எழுதியிருக்கும் விலை விற்ற விலை இல்லை, கேட்கும் விலை.

சட்டத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1972இல் இயற்றப்பட்டு 1976 ஏப்ரல் 5 முதல் நடப்பில் இருக்கும் தொல்பொருட்கள் மற்றும் கலைக் கருவூலங்கள் சட்டப்படி, நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள் தொல்பொருள் ஆகலாம். வைத்திருப்பது குற்றமில்லை. வெளிநாட்டுக்கு அனுப்புவது தனியாருக்குத் தடை. அமெரிக்காவில் இருக்கும் மகனுக்குக் கூரியரில் அனுப்பினாலும் அதேதான். அதை வாங்கி விற்கும் வியாபாரியிடம் உரிமம் இருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள். உலோகச் சிற்பங்கள் பதிவு செய்ய வேண்டிய வகையில் வருவதால், நூறாண்டு கடந்த பாவை விளக்கை விற்கும் முன் தொல்பொருள் பதிவு அலுவலரிடம் விசாரிப்பது அவசியம். எழுத்தில் ஒரு கோயில் பெயரும் ‘உபயம்’ என்ற சொல்லும் இருந்தால் விற்கவே முயலாதீர்கள். அது கோயில் சொத்து என்ற கேள்வி எழும், வாங்கியவரோடு சேர்ந்து விற்றவரும் சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். வீட்டு அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த விளக்கு பரம்பரைச் சொத்து ஆகாது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி ஆட்சியரிடம் தெரிவிக்க வேண்டும்.

‘இந்த விளக்கு அரிசியை இழுக்கிறது, இரிடியம் இருக்கிறது, கோடிக்கு வாங்க ஆள் இருக்கிறது, சோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள்’ என்று யாராவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். எந்தப் பித்தளையும் அரிசியை இழுக்காது.

வைத்துக்கொண்டால்

தருமபுரி, கிருஷ்ணகிரி வீடுகளில் வரும் விளக்குகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்: 60, 80 வருஷம், சாதா அமைப்பு, முழுசு, ஒரு பாட்டியின் பெயர். வெளியே 7,000 கிடைத்தால் அதிகம். நான்கு பேர் பிரித்தால் ஆளுக்கு 1,750. அந்தப் பெயரை அந்தப் பணத்துக்கு விற்பது நஷ்டம் என்பது எங்கள் கருத்து. ஒருவர் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு எடை விலையில் அவரவர் பங்கைக் கொடுத்துவிடலாம். மகள்களுக்கும் பங்கு சமம்.

சுத்தம் செய்ய: உறுப்புகளைக் கழற்றி, வெதுவெதுப்பான 5 லிட்டர் தண்ணீரில் 2 தேக்கரண்டி சலவைச் சோடா கரைத்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். கெட்டியான பிசுக்கை மூங்கில் குச்சியால் நெம்பி, மெத்தென்ற பல் பிரஷால் தேய்த்துக் கழுவி, உடனே துடைத்து வெயிலில் காயவையுங்கள். மரைக்குள் ஈரம் நின்றால் பச்சை பூக்கும். வெளிர்பச்சைப் பொடி துடைத்தபின்னும் அதே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் உப்பு உள்ளே இறங்கியிருக்கிறது. அந்த விளக்கை ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். கடையில் பாலிஷ் போடும் பஃப் சக்கரத்தில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் பளபளக்கும், அன்னத்தின் இறகு வரிகளும் குத்திய பெயரும் மழுங்கிப் போகும். எடைக்குப் போடப்போகிற விளக்குக்குப் பாலிஷ் வீண் செலவு, விற்கப்போகிற விளக்குக்கு நஷ்டம். தட்டில் எண்ணெய் கசிந்தால் வெள்ளீயப் பற்று போதும், பித்தளை வெல்டிங் வேண்டாம்.

அருங்காட்சியகத்துக்கோ கோயிலுக்கோ

கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் விளக்கைக் காட்டி, எந்தக் காலம், என்ன வகை, பதிவுக்கு யாரை அணுகுவது என்று காப்பாட்சியரிடம் கேட்கலாம். சந்தை விலையைக் கேட்காதீர்கள், அது அவர்கள் வேலை இல்லை. கொடுக்க நினைத்தால், சாதா குத்துவிளக்கைவிட ஆண்டும் ஊரும் பெயரும் தெளிவாக உள்ள விளக்குக்குத்தான் அங்கே இடம் கிடைக்க வாய்ப்பு. யாருடையது, எந்த ஊர், எப்படி வந்தது என்று ஒரு பக்கம் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள். குலதெய்வக் கோயிலுக்குக் கொடுப்பதானால், அறநிலையத் துறைக் கோயிலாக இருந்தால் எடை, உயரம், எழுத்து ஆகியவற்றோடு சொத்துப் பதிவேட்டில் ஏற்றி ரசீது வாங்குங்கள். குடும்பமே நடத்தும் கோயிலானால் பங்காளிகள் கையெழுத்திட்ட ஒரு தாளும், நான்கு பக்கமும் எடுத்த படமும் போதும். எழுத்து இருக்கும் இடத்தைத் தனியாக ஒரு படம் எடுத்துச் சேருங்கள்.